மூன்றாவது டேக்

கடியப்பட்டணத்தில் ஷூட்டிங் என்றதும்
மேனேஜர் கேட்டார், தெரிந்த இடமா மேடம்?
கூகுளில் பார்த்தேன் என்றேன்.
பொய்.
கோயில் கொடிமரத்திலிருந்து கடலுக்கு
எத்தனை எட்டு என்று எனக்குத் தெரியும்,
ஆனி ஆடியில் அது குறையும் என்பதும்.

பந்து விளையாடும் மைதானத்தில்
கோல்போஸ்டை மறைத்து நிற்கிறது கேரவன்.
பையன்கள் என்னைப் பார்க்க வரவில்லை.
வண்டி எப்போ போகும் என்று
டிரைவரிடம் கேட்க வந்திருக்கிறார்கள்.

உள்ளே, தனசேகர் அண்ணன்
என் முகத்தில் இரண்டு ஷேட் கூட்டுகிறார்.
மீன்காரி இவ்வளவு வெளுப்பாக இருக்கமாட்டாள்
என்று டைரக்டர் சொன்னாராம்.
ஏழு வருடம் முன்பு இதே தோலில்
இரண்டு ஷேட் குறைத்தது இதே கை.
ஆக, பிறந்த நிறத்துக்கு வந்துசேர்ந்தேன்,
தண்ணீர் பட்டால் போய்விடும் வகையில்.

பெயரும் அப்படித்தான்.
ஞானஸ்நானத்தில் மரிய ஜெனோவா.
போஸ்டரில் மிருணா, நியூமராலஜி பார்த்து
கடைசியில் ஒரு ஹெச் கூடுதலாக.
அந்த ஹெச்சுக்குச் சத்தம் கிடையாது.
ஒன்பது படங்களில் எனக்கும் கிடையாது.
சாலிகிராமத்தில் ஒரு கண்ணாடி அறையில்
சுபாஷிணி என்றொரு பெண்
எனக்காக அழுகிறாள், எனக்காகக் காதலிக்கிறாள்,
படத்துக்கு இவ்வளவு என்று.
விருது கிடைத்த இரவு அவளுக்குப் போன் செய்தேன்.
அவளுக்குச் சளி.
என் குரல் கம்மியதுபோல இருந்தது.

இந்தப் படத்தில் நானே பேசுகிறேன்.
சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்கிய வரி அது,
ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில்.

ஏலக் காட்சி. முதல் டேக்.
ஐஸில் மூன்று நாள் கிடந்த அயிலை.
"எரநூறு எரநூறு எரநூத்தம்பது கேட்டியளா
எரநூத்தம்பது ஆரு, பிளமேனா அக்காளா, முந்நூறு"
எங்கே மூச்சு எடுப்பது என்று
நெஞ்சு மறக்கவில்லை.
கட்.
சூப்பர் மேடம், ஆனா புரியலை.

பேச்சுவழக்கு சொல்லித்தர ஒருவர் வந்தார்.
மதுரைக்காரர், நல்ல மனுஷன்.
ஏலே என்பதை எங்கே வைக்கவேண்டும் என்று
பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.
இரண்டாவது டேக்
அவர் குறித்தபடி.

நாளொன்றுக்கு ஐந்நூறு, மதியச் சாப்பாடு உண்டு என்று
கூட்டத்தில் நிற்க வந்த பெண்களில்
ஒருத்தி சிரித்துவிட்டாள்.
சகாய டெல்பின்.
எட்டாம் வகுப்பில் என் பக்கத்து இடம்.
தினமும் ஏலம் கூறுகிறவள்,
இன்று ஏலம் கேட்கிறவளாக நடிக்கிறாள்.
"எட்டி, என்ன பேச்சு இது?
நீ கூறுனா மீனு திரும்பக் கடலுக்குப் போவும்."

ஒரு டேக் என் இஷ்டத்துக்கு, என்றேன்.
லைட் போகுது மேடம், என்றார்கள்.
எங்கள் ஊரில் அதற்கு வெட்டம் என்று பெயர்.
வெட்டம் போவதற்குள் முடிக்கிறேன்.

கேமராவை விட்டுவிட்டு டெல்பினைப் பார்த்தேன்.
ஸ்கிரிப்டில் இல்லாத விலை ஒன்று சொன்னாள்.
ஏற்றினேன். ஏற்றினாள்.
மூன்று நாள் பழைய அயிலை
மூவாயிரத்து எழுநூறில் போய் நின்றது.
நடுவில் கட் சொன்னார்களாம்.

படத்தில் இது இருக்குமா, தெரியாது.
பேட்டியில் கேட்பார்கள்,
நீங்கள் நீங்களாகவே இருப்பது எப்படி என்று.
அந்த டேக்கிலும் நடித்தேன்தான்.
டெல்பின் பார்க்கவேண்டும் என்று நடித்தேன்.
அதுவரை யாருக்கும் நடித்ததில்
இத்தனை கூச்சம் இருந்ததில்லை.

பேக்கப்.
ஐந்நூறு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு
டெல்பின் வந்தாள்.
பையன்கள் டிரைவரிடம் மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
சாப்பாட்டு டோக்கனின் பின்பக்கத்தை நீட்டினாள்,
அம்மைக்கு வேணும், ஒப்பு போடு.
மி என்று தொடங்கிவிட்டேன்,
பேனாவின் பழக்கம்.
முடித்தும் விட்டேன், ஹெச் உட்பட.
அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.
அதை அடித்துக் கீழே ஜெனோவா என்று எழுதப் போனேன்.
கையைப் பிடித்தாள்.

"அடிக்காத பிள்ளே.
ரெண்டும் கெடக்கட்டு.
அம்மை நம்பணும் இல்லியா."